மணிமுடியை ஏற்க மறுத்த மிகாயில்: கோழைத்தனமா, நியாயமா?

பழுப்புஏடு எழுதியது:

ரஷ்யாவை ஆண்ட ரோமானோவ் வம்சத்தின் முடிவு என்றாலே எல்லோரும் கடைசி ஜார் (சக்கரவர்த்தி) இரண்டாம் நிக்கோலாயையும் சாமியார் ரஸ்புதினையும் சுற்றியே பேசுகிறோம். எனக்குக் கோபம் நிக்கோலாயின் கடைசித் தம்பி, கிராண்ட் ட்யூக் மிகாயில் அலெக்சாந்திரோவிச் மேல்தான். 1917 மார்ச் 2 அன்று (அப்போதைய ரஷ்ய நாட்காட்டி, நம் கணக்கில் மார்ச் 15) தலைநகரில் புரட்சி வெடித்த நிலையில், ப்ஸ்கோவ் நகரில் தன் ரயிலில் இருந்தபடியே நிக்கோலாய் முடி துறந்து, தம்பிக்கு எழுதிக் கொடுக்கிறார். மறுநாளே தலைநகர் பெத்ரோகிராத்தில், மில்லியோன்னயா தெரு 12ஆம் எண் வீட்டில், தம்பி அதை ஏற்க மறுக்கிறார். 1613இல் தொடங்கிய வம்சம் ஒரே பகலில் முடிந்துபோனது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஜார் பெயரில் சத்தியம் செய்துவிட்டு இலட்சக்கணக்கான சிப்பாய்கள் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். இனி யார் பெயரில் சண்டை போடுவது? அதற்கு இவரிடம் பதில் இல்லை. டூமா என்ற நாடாளுமன்றத்தின் தலைவர் ரொத்சியான்கோவைத் தனியே அழைத்து, என் பாதுகாப்புக்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்கிறார். இல்லை என்கிறார் அவர். அப்புறம் கையெழுத்து. இதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

தென்றல்வாசி எழுதியது:

அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தாது, பழுப்புஏடு. காகசஸ் பூர்வகுடிக் குதிரைப்படைப் பிரிவு என்று ஒன்று இருந்தது. செச்சேனியர், இங்குஷ், தாகெஸ்தானியர், கபார்தியர், சர்க்காசியர், தாதாரியர் என ஆறு ரெஜிமென்ட். 1914 முதல் அதற்குத் தளபதி இவர்தான். கார்பேத்தியன் மலைகளிலும் கலீசியாவிலும் சண்டை போட்டு, புனித ஜார்ஜ் விருது வாங்கினார். அவர் பயந்தவராக இருந்திருந்தால் தலைநகரில் ஒரு அலங்காரப் பதவி கிடைக்காமலா போயிருக்கும்?

உத்தரவாதம் கேட்டதையும் சரியாகப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்த காவல்படை முழுவதும் புரட்சிப் பக்கம் போய்விட்டது. பெத்ரோகிராத் சோவியத் (தொழிலாளர், சிப்பாய்கள் சபை) போட்ட முதலாம் எண் கட்டளை வந்து இரண்டு நாள். சிப்பாய்கள் தங்கள் குழுக்களின் பேச்சைத்தான் கேட்கிறார்கள். சக்கரவர்த்தி என்று ஒருவர் அறிவித்துக்கொண்டால், அவர் சொல்லைக் கேட்க ஒரு கம்பெனியாவது இருக்கிறதா என்று கேட்பது அரசியலின் முதல் கேள்வி. டூமாக்காரர்கள் அப்போதுதான் அமைத்த இடைக்கால அரசின் அமைச்சர்களில் மிலியுகோவும் குச்கோவும் ஏற்கச் சொன்னார்கள். மாஸ்கோவுக்குப் போனால் படை கிடைக்கும் என்றார் மிலியுகோவ். அப்படிப் போயிருந்தால் அன்றைக்கே உள்நாட்டுப் போர். இன்னொரு அமைச்சர் கெரென்ஸ்கி, ரொத்சியான்கோ உள்பட அந்த அறையில் இருந்த பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள்.

முக்கியமாக, அவர் கையெழுத்திட்ட தாளில் என்ன இருந்தது? "எனக்கு வேண்டாம்" என்று ஓடிப்போகவில்லை. எல்லோரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய சபை எந்த ஆட்சிமுறை என்று முடிவு செய்யட்டும். மக்கள் என்னைக் கேட்டால் அப்போது ஏற்கிறேன். அதுவரை எல்லோரும் இடைக்கால அரசுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிறது அது. நீங்கள் 1613 என்றீர்கள். அந்த ஆண்டில் முதல் ரோமானோவ் எப்படி ஜார் ஆனார்? செம்ஸ்கி சபை என்ற நாட்டு மன்றம் கூடித் தேர்ந்தெடுத்துத்தான். அவர் பெயரும் மிகாயில். அந்த வம்சம் ஏறி வந்த படியிலேயே நின்று அனுமதி கேட்டவர் இவர்.

பழுப்புஏடு எழுதியது:

1613இல் சபை முதலில் கூடியது, ஜார் பிறகு வந்தார். 1917இல் சபையே இல்லை, தேர்தல் தேதி கூட இல்லை. இல்லாத சபையிடம் அனுமதி கேட்பதும் இடத்தைக் காலி செய்வதும் ஒன்றுதான்.

நீலக்கல் எழுதியது:

இரண்டு பேரும் மார்ச் 3 காலையிலேயே நிற்கிறீர்கள். அந்த மனிதரின் குடும்பக் கதையைப் பார்க்காமல் அந்தக் காலையைப் புரிந்துகொள்ள முடியாது.

மூன்றாம் அலெக்சாந்தருக்கும் மரியா ஃபியோதரோவ்னாவுக்கும் கடைசி மகன், 1878இல் பிறந்தவர். நடு அண்ணன் கியோர்கி காசநோயில் 1899இல் இறந்ததும் இவர்தான் அடுத்த வாரிசு. 1904இல் நிக்கோலாய்க்கு மகன் அலெக்சேய் பிறந்ததும் அந்த இடம் போனது. அதில் அவருக்கு நிம்மதிதான் என்று நினைக்கிறேன். ஆனால் மனதுக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொள்ளக் குடும்பம் விடவே இல்லை. முதலில் சாக்ஸ்-கோபுர்க் இளவரசி பியாத்ரிஸ். தாய்வழியில் அல்ல, தந்தைவழியில் முதல்நிலை உறவுக்காரி. ரஷ்யத் திருச்சபை அத்தகைய திருமணத்தை ஏற்காது. அடுத்து தங்கை ஓல்காவின் தோழி கொசிகோவ்ஸ்கயா. அதற்கும் அண்ணனின் அனுமதி இல்லை.

பிறகு வந்தவர் நத்தாலியா. மாஸ்கோ வக்கீல் ஒருவரின் மகள், ஏற்கெனவே விவாகரத்தானவர். கச்சினாவில் மிகாயில் இருந்த அதே ரெஜிமென்ட்டின் அதிகாரி ஒருவருக்கு இரண்டாவது மனைவியாக இருந்தார். 1910இல் மிகாயிலுக்கும் அவருக்கும் மகன் பிறந்தான். இறந்துபோன அண்ணனின் பெயரையே வைத்தார்கள், கியோர்கி.

1912 இலையுதிர்காலத்தில் போலந்தில் ஸ்பாவா வேட்டை மாளிகையில் அலெக்சேய்க்கு இரத்தக்கசிவு வந்து, பிழைப்பானா என்றே தெரியாத நிலை. பையன் போய்விட்டால் மிகாயில் மறுபடி வாரிசு. நத்தாலியாவைக் கட்ட வழியே இருக்காது. ரகசியப் போலீஸ் பின்தொடர, அவர்களை ஏமாற்றிவிட்டு வியன்னாவுக்குப் போய் ஒரு செர்பியத் திருச்சபைக் கோயிலில் தாலி கட்டாத குறையாகக் கல்யாணத்தை முடித்தார். நிக்கோலாய்க்குத் தாங்கவில்லை. தம்பி சொன்ன சொல்லை மீறிவிட்டான், இனி எங்களுக்குள் ஒன்றுமில்லை என்று அம்மாவுக்கு எழுதினார். நாட்டுக்குள் வரத் தடை, படைப்பொறுப்பு பறிப்பு, சொத்துகள் மேற்பார்வையில். அலெக்சேய் சிறுவனாக இருக்கும்போதே ஜார் இறந்தால் ஆட்சியை நடத்தும் உரிமையையும் எடுத்துவிட்டார். போர் வந்த பிறகுதான் திரும்ப விட்டார்கள்.

இப்படி ஒதுக்கி வைத்த தம்பியிடம், ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்காமல், பேரரசைத் தூக்கிக் கொடுத்தார் நிக்கோலாய். வழியில் அடித்த தந்தியில், முன்பே சொல்ல நேரமில்லை, மன்னித்துக்கொள் என்கிறார். அப்படி ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருவரிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

கூட்டாஞ்சோறு எழுதியது:

நீலக்கல், உங்கள் பதிவு நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் வாதத்துக்கே அது எதிராகப் போகிறது. கொடுத்த சொல்லை 1912இல் மீறியவர் மிகாயில்தான். அதன் விலை அவருக்கு மட்டும் விழவில்லை.

எனக்கு வேறு சந்தேகமும் உண்டு. பவுல் ஜார் 1797இல் போட்ட வாரிசுச் சட்டப்படி, நிக்கோலாய் தனக்காக முடி துறக்கலாம். மகனின் உரிமையை அவர் எப்படித் துறக்க முடியும்? குச்கோவும் ஷுல்கினும் டூமா சார்பில் ப்ஸ்கோவுக்குப் போனபோது எதிர்பார்த்ததும் அலெக்சேய் ஜார், மிகாயில் அவன் பெயரில் ஆள்பவர் என்பதைத்தான். மகனின் நோய் பற்றி டாக்டர் ஃபியோதரோவிடம் பேசிய பிறகு நிக்கோலாய் மனம் மாறிவிட்டார். சரி, மிகாயிலாவது மறுநாள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இந்த முடி என்னுடையதல்ல, என் அண்ணன் மகனுடையது, அவன் வளரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்." 12 வயதுப் பையன் மேல் யாருக்கும் வெறுப்பில்லை. சட்டமும் பக்கம் நின்றிருக்கும். அந்த வழியை ஏன் அவர் தொடவே இல்லை?

தென்றல்வாசி எழுதியது:

இதுவரை வந்ததில் கனமான கேள்வி இதுதான். ஆனால் நடைமுறையில் யோசியுங்கள். அந்தப் பையன் அப்போது சார்ஸ்கோயே செலோ அரண்மனையில் தட்டம்மையில் படுத்திருக்கிறான். அங்கிருந்த காவல்படையும் கலகத்தில் சேர்ந்துவிட்டது. தகப்பன் எழுத்திலேயே மகனை விலக்கிவிட்டார். அதைச் செல்லாது என்று தம்பி அறிவித்தால், தகப்பனின் முடிதுறப்பே செல்லுமா என்ற கேள்வி அதே மணிநேரத்தில் எழும். தெருவில் இருப்பவர்கள் அதை நிக்கோலாய் திரும்பி வரும் சதி என்றுதான் படித்திருப்பார்கள். அந்தத் தாளை எழுதிய நபோகோவும் நோல்தேயும் சட்டம் கரைத்துக் குடித்தவர்கள். மிகாயிலைச் சக்கரவர்த்தி என்று குறிக்கும் சொற்றொடரே இல்லாமல்தான் அதை எழுதினார்கள். பையனைத் தொந்தரவு செய்யாமல், வெறும் "மிகாயில்" என்று கையெழுத்து.

பழுப்புஏடு எழுதியது:

சட்டத்தை விடுங்கள். பிப்ரவரி 27 இரவுக்கு வாருங்கள். தலைநகர்ப் படைகளின் தளபதி ஜெனரல் கபாலோவிடம் மிச்சமிருந்த விசுவாசமான துருப்புகள் குளிர்கால அரண்மனையில் வந்து நிற்கின்றன. அங்கிருந்து அவர்களை வெளியேறச் சொன்னவர் மிகாயில். ரோமானோவ்களின் வீட்டிலிருந்து மக்களைச் சுடக்கூடாதாம். அவர்கள் அட்மிரால்டி கட்டடத்துக்குப் போய், மறுநாள் கலைந்தே போனார்கள். மார்ச் 3 அன்று கையில் படை இல்லை என்கிறீர்களே, இருந்ததைக் கலைத்தது யார்?

நீலக்கல் எழுதியது:

அதே இரவில் அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மோய்க்கா கால்வாய்க் கரையில் போர் அமைச்சர் வீட்டிலிருந்து தந்திக் கருவி வழியாக நிக்கோலாய் இருந்த மொகிலியோவ் படைத் தலைமையகத்தைத் தொடர்பு கொண்டவர் இவர்தான். அமைச்சரவையை உடனே மாற்றுங்கள், இளவரசர் ல்வோவிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று அண்ணனைக் கெஞ்சினார். நானே நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. கேட்டிருந்தால் முடிதுறப்பே தேவைப்பட்டிருக்காது என்று நம்புகிறேன். களைத்துப்போன அந்தச் சிறு படையினர் ஒரு மாநகரை என்ன செய்திருப்பார்கள்? சாவுக் கணக்கைக் கூட்டியிருப்பார்கள்.

உயிருக்குப் பயந்தார் என்று தொடங்கினீர்கள், அதனால் சொல்கிறேன். மகனை ஆயாவோடு டென்மார்க்குக்கு அனுப்பி வைத்தார்கள். இவர் ரஷ்யாவை விட்டுப் போகவில்லை. 1918 மார்ச்சில், ஆட்சியைப் பிடித்திருந்த போல்ஷெவிக்குகள் (கம்யூனிஸ்ட் கட்சியினர்) அவரைக் கைது செய்து யூரல் பகுதியிலுள்ள பெர்முக்கு அனுப்பினார்கள். செயலாளர் ஜான்சனும் கூடவே போனார். ஜூன் 12 நள்ளிரவில் உள்ளூர் போல்ஷெவிக் மியாஸ்னிகோவின் ஆட்கள் போலி உத்தரவோடு விடுதிக்கு வந்து, இருவரையும் காட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுட்டார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று ஊருக்குச் சொன்னார்கள். உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. நிக்கோலாய் குடும்பத்துக்கு ஐந்து வாரம் முன்பே, ரோமானோவ்களில் முதலில் கொல்லப்பட்டவர் இவர். மகன் கியோர்கி 1931இல் பிரான்சில் கார் விபத்தில், 20 வயதில் இறந்தான். நத்தாலியா 1952இல் பாரிஸில், வறுமையில்.

பழுப்புஏடு எழுதியது:

பெர்மில் நடந்தது கொலை. அதில் யாருக்கும் வேறு கருத்து இருக்க முடியாது. 2009இல் ரஷ்ய அரசே அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. ஆனால் சாவு துயரமானது என்பதால் முடிவு சரியாகிவிடாது. அவர் எல்லாப் பொறுப்பையும் ஒப்படைத்த அந்த நிர்ணய சபை 1918 ஜனவரியில் ஒரே ஒரு அமர்வு நடந்தது, போல்ஷெவிக்குகள் கதவை மூடிவிட்டார்கள். நிக்கோலாயே தம்பியின் அறிக்கையைப் படித்துவிட்டு, இந்த அசிங்கத்தில் கையெழுத்துப் போட யார் சொல்லிக் கொடுத்தார்களோ என்று டைரியில் எழுதினார்.

தென்றல்வாசி எழுதியது:

பேரரசை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவரின் டைரியை நான் சாட்சியாக எடுக்க மாட்டேன். மிகாயிலின் தாளில் சபையைக் கூடிய சீக்கிரம் கூட்ட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தது அக்டோபரில். தேர்தல் நடந்தது நவம்பரில். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ஏழு மாதம் தள்ளிப்போட்டது இடைக்கால அரசு. அந்த ஏழு மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த அரசை அடுத்தடுத்து நடத்திய ல்வோவும் கெரென்ஸ்கியும்தான்.