உரேப் வெட்டு: வியோனேயின் கண்டுபிடிப்பா, சுடிதார் தைத்தவர்களின் கைவேலையா?

மாட்டுங்கா மார்க்கர்

ஃபேஷன் டிசைன் வகுப்புக் குறிப்புகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "பயஸ் கட்டைக் கண்டுபிடித்தவர் பாரிஸைச் சேர்ந்த மாதலேன் வியோனே, 1920கள்." அந்த வரியை அடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

துணியின் கரைக்கு, அதாவது நெய்த நீள ஓரத்துக்கு, 45 டிகிரி சாய்வாக வெட்டுவதுதான் விஷயம். நம் கடைகளில் கிராஸ் என்கிறோம், இங்கே பம்பாயில் மாஸ்டர்கள் உரேப் என்கிறார்கள். ஐரோப்பாவிலேயே 14ஆம் நூற்றாண்டில் கம்பளித் துணியைக் கிராஸில் வெட்டித்தான் கால்சட்டை தைத்தார்கள். லண்டன் அகழாய்வுகளில் அந்தத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை உருவாக்கியது 1589இல். பின்னிய துணி மலிவாகும்வரை காலோடு ஒட்டி நிற்க வேறு வழி இருக்கவில்லை.

நம் பக்கம் சுடிதார் பைஜாமா. அதன் பழைய முறையே பை தைப்பதுதான். துணியின் வெட்டு முனையைச் சாய்வாக மடித்துக் கரையோடு சேர்த்துத் தைத்து, பிறகு கரையைக் கரையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டே போனால் நீண்ட பை வரும். 36 அங்குல அகலத் துணியென்றால் பையின் சுற்றளவு சுமார் 51 அங்குலம், தட்டையாக விரித்தால் 25½. இப்போது பையை நேராக வைத்து வெட்டினாலும் துணி முழுக்கக் கிராஸில் நிற்கும். முனை முக்கோணங்கள் பைக்குள்ளேயே மடிந்துவிடுவதால் வீணாகாது. இதைக் கண்டுபிடித்த மாஸ்டருக்கு லேபிள் இல்லை, அதனால் பெயரும் இல்லை.

செம்பூர் டிரேப்

அண்ணாச்சி, கம்பளிக் கால்சட்டையையும் சுடிதாரையும் வைத்து வியோனேயை அளப்பது பொருந்தாது. இரண்டிலும் கிராஸ் எதற்கு? குழாய் போன்ற ஒரு துண்டு இழுபட்டுக் காலைப் பிடிக்க. சுடிதாரைத் தாங்குவது இடுப்பு நாடாவும் கணுக்காலும். வியோனே செய்தது தோளிலிருந்து தரைவரை ஒரு முழு உடையையே கிராஸில் தொங்கவிடுவது. அங்கே கணக்கே வேறு.

கரையோடு நேராக வெட்டிய துணியைத் தொங்கவிட்டால் எடையை நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தாங்கும், நீளம் அவ்வளவாக மாறாது. 45 டிகிரியில் எந்த நூலும் நேராக எடை தாங்குவதில்லை. பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியும் கத்தரியின் ஆணி போலத் திரும்புகிறது. துணி நீள்கிறது, நீண்ட அளவுக்கு அகலம் குறைகிறது. உடல் எங்கே அகலமோ அங்கே விரிகிறது, எங்கே ஒடுங்குகிறதோ அங்கே விழுகிறது. உடலுக்கேற்பப் பிடித்துத் தைக்கும் டாட் மடிப்பு வேண்டாம், பல உடைகளுக்குக் கொக்கியும் வேண்டாம், தலைவழியாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதை அவர் தாளில் வரைந்து பார்க்கவில்லை. சுமார் 80 செ.மீ. உயர மரப் பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றி வடிவம் கண்டார், பிறகுதான் முழு அளவு. தேவைக்கு மேல் இரண்டு கஜம் அகலமாகக் க்ரேப் துணியை நெய்து தரச் சொன்னார். க்ரேப்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு: மிகையாக முறுக்கிய நூல் என்பதால் சந்திப்புப் புள்ளிகளில் எளிதாகத் திரும்பும். இறுக்கமாக நெய்த பாப்ளினைக் கிராஸில் வெட்டிப் பாருங்கள், விறைத்துக்கொண்டு நிற்கும். நூல், நெசவு, அகலம், தொங்கவிடும் புள்ளி என்று நான்கையும் சேர்த்து யோசித்த முதல் கடை அவருடையது. அந்தப் பாராட்டை ஏன் பிடுங்க வேண்டும்?

இன்னொன்று. முகலாய ஓவியங்களில் கணுக்கால் சுருக்கம் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். நூலின் திசை ஓவியத்தில் தெரியாது.

தாராவி ஓவர்லாக்

யார் கண்டுபிடித்தது என்பதை விடுங்கள். இன்றைக்கு அது தேவையா என்று கேளுங்கள். 20 அங்குல அகலம், 40 அங்குல நீளம் உள்ள இரண்டு பாகங்களை 44 பன்னாத் துணியில், அதாவது 44 அங்குல அகலத் துணியில், வெட்ட வேண்டும் என்று வையுங்கள். நேரில் வைத்தால் பக்கத்துப் பக்கத்தில் 40 அங்குலத்தில் முடியும். 45 டிகிரியில் வைத்தால் முதல் பாகம் 42½ அங்குல நீளத்தைப் பிடிக்கும், அடுத்தது அதை ஒட்டி இன்னும் 28. மொத்தம் 71. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடப் போதும் என்ற இடத்தில் 1.8 மீட்டர். ஆர்டர் எடுப்பவன் எப்படித் தாங்குவான்?

வெட்டுவதற்குத் துணியை அடுக்கி லே போடும்போது இன்னொரு தொல்லை. ஜார்ஜெட்டை 40 அடுக்குப் போட்டால் நடு அடுக்குகள் நழுவி 45 என்பது 41 ஆகிவிடும். அந்தப் பாகம் தைத்த பிறகு ஒரு பக்கமாகத் திருகும். டியூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் இழுபட்டுத் திரும்பும் ஸ்பான்டெக்ஸ் நூலைக் கொடுத்துவிட்டார், அதன் வணிகப் பெயர்தான் லைக்ரா. நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு லைக்ரா கலந்த துணி நேரில் வெட்டினாலே ஒட்டி நிற்கும்.

செம்பூர் டிரேப்

தம்பி, 71 என்பது இரண்டு முகமும் ஒன்றாக இருக்கும் துணிக்குத்தான். சாட்டின் போல நல்ல முகம் தனியாக உள்ள துணியில் அந்தக் கணக்கு நிற்காது. முன்பாகத்தின் இடதும் வலதும் எதிரெதிர்ச் சாய்வில் வர வேண்டும். இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டினால், பாவு நூலும் ஊடை நூலும் ஒரே இழுவிசையில் இருப்பதில்லை என்பதால், ஒரு பக்கம் கூடுதலாக இறங்கும், நடுத் தையல் வயிற்றருகே வளையும். எதிரெதிராக வைத்தால் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, நீளம் 85 அங்குலம் ஆகும். செலவு நீங்கள் சொன்னதைவிடக் கூடுதல்தான், மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் லைக்ரா அதற்கு மாற்று இல்லை. லைக்ரா இழுத்தால் திரும்பிச் சுருங்கப் பார்க்கும், அதனால் உடலை அழுத்தும். கிராஸ் துணி அழுத்தாது, வடிவம் மாறி விழும். பின்புறம் குழிவாக உள்ள இடத்தில் லைக்ரா பாலம் போட்டு நிற்கும், கிராஸ் க்ரேப் உள்ளே போய் விழும். சூட்டுக்கும் லைக்ரா தாங்காது. சூடான இஸ்திரி தொடர்ந்து பட்டால் நூல் செத்து முழங்காலிலும் முழங்கையிலும் தொளதொளத்துப்போகும்.

சயான் ரவிக்கை

நம் ஊர்ப் பெண்களின் கிராஸ் கட்டிங் பிளவுஸை யாருமே எடுக்கவில்லையே. கிராஸ் என்றால் முழு உடை என்று அக்கா வைத்துக்கொண்டதுதான் எனக்கு உடன்பாடில்லை. ரவிக்கையில் முன்பாகம் மட்டும் கிராஸ். முதுகு நேர், அடிப்பட்டி நேர். எங்கே இழுபட வேண்டுமோ அங்கே கிராஸ், எங்கே பிடித்து நிற்க வேண்டுமோ அங்கே நேர். முழு உடையையும் கிராஸில் போடுவதைவிட இதற்குத்தான் கூடுதல் யோசனை வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்களும் எல்லாருக்கும் தெரிந்தவை. மேல்துணியைக் கிராஸிலும் லைனிங்கை நேரிலும் வெட்டுவது முதல் தப்பு. மேல்துணி இறங்கும், லைனிங் இறங்காது, பட்டிக்கு மேலே பை விழும். லைனிங்கும் அதே சாய்வில் இருக்க வேண்டும், அதையும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இரண்டாவது கழுத்து. வெட்டிய உடனே விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும். அதைச் செய்யாமல் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தாலே கழுத்து அரை அங்குலம் விரிந்துவிடும். அகலக் கழுத்தென்றால் நேர்துணியில் கால் அங்குலப் பட்டி ஒன்றை உள்ளே வைத்துத் தையுங்கள். சரிகைத் துணியைக் கிராஸில் போடவே வேண்டாம். சரிகை இழையும் பட்டு இழையும் ஒரே அளவில் திரும்பாது, மார்பில் அலை அலையாக நிற்கும். அதற்குப் பிரின்சஸ் கட்தான் சரி.

பிரின்சஸ் கட் என்றதும் ஒன்று. இடுப்புத் தையல் இல்லாமல் தோளிலிருந்து கீழ்வரை நீளும் அந்தக் கோட்டை 1870களில் பாரிஸில் பரப்பியவர் சார்ல்ஸ் ஃபிரடெரிக் வொர்த். வடிவத்தைத் தையலில் கொடுப்பது அந்த வழி, துணியிடமே விடுவது கிராஸ் வழி. வியோனேயின் இடம் எதுவென்று பார்ப்பதற்கு வொர்த்தோடு ஒப்பிடுங்கள், சுடிதாரோடு அல்ல.

மாட்டுங்கா மார்க்கர்

ஓவியத்தில் நூல் தெரியாது என்கிறீர்கள் அக்கா, சரி. துணியைக் கேட்போம். சுடிதாரின் கணுக்கால் வாயான மோரியின் சுற்றளவைவிடக் குதிகாலும் மேற்பாதமும் சேர்ந்த சுற்றளவு பெரியது. நேரில் வெட்டிய பருத்தித் துணி அந்த இடத்தைத் தாண்டாது, பிளவு வைத்துக் கொக்கி போட வேண்டும். தாண்டினாலும் சுருக்கம் வளையல் வளையலாக நிற்காது, சப்பையாக மடிந்து ஒரே இடத்தில் குவியும். வளையம் வளையமாக ஏறி நிற்பது கிராஸ் துணியின் குணம். அதற்காகத்தான் கால் நீளத்துக்கு மேல் 8 முதல் 10 அங்குலம் கூடுதலாக வெட்டுகிறோம்.

செலவுக் கணக்கிலும் என் பக்கம்தான் பலம். நீங்கள் சொன்ன 85 அங்குலம் பாரிஸ் வழி: அகலத் துணி நெய்யச் சொல்லி, மிச்சத்தை விட்டுவிடுவது. பை முறையில் மிச்சமே இல்லை. விளிம்பில் வைத்துத் தைக்கும் பைப்பிங் பட்டிக்கு இன்றும் அதே அறிவைத்தான் பயன்படுத்துகிறோம். 20 அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி, இரண்டு முக்கோணத்தையும் நேர் விளிம்பில் சேர்த்துச் சாய்சதுரமாக்கி, 1½ அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒரு கோடு தள்ளி விளிம்புகளைச் சேர்த்துக் குழாயாகத் தைத்து, கத்தரியை எடுக்காமல் சுற்றி வெட்டினால் 250 அங்குலத்துக்குக் குறையாத ஒரே பட்டி. கணக்குப்படி 400ஐ 1½ஆல் வகுத்தால் 266, தையலுக்குக் கொஞ்சம் போகும். இவ்வளவு வடிவக் கணிதம் தெரிந்தவர்களை அந்தப் பாடக்குறிப்பு ஒரு வரிகூடச் சொல்லாமல் விடுகிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

செம்பூர் டிரேப்

கோபம் நியாயம். ஆனால் பை முறையால் குழாய்தான் வரும். இடது வலது எதிர்ச்சாய்வு அதில் கிடைக்காது, ஒரே சுற்றில்தான் போகும். சுடிதார் நாள்பட்டால் தையல் முன்பக்கமாகத் திருகி வருவதைப் பார்த்திருப்பீர்கள். காலில் சுருக்கம் அதை மறைத்துவிடும். தரை தொடும் சாட்டின் உடையில் மறைக்க இடமில்லை. அந்தச் சிக்கலை எடுத்துத் தீர்த்தவருக்குத்தான் நான் பெயர் கொடுக்கிறேன்.

அவர் பெயர் நிலைத்ததற்கு அவருடைய உழைப்பும் காரணம். 1912இல் கடை திறந்தார், 1939இல் மூடினார். காப்பியடிப்பவர்களைத் தடுக்க ஒவ்வொரு உடையையும் முன், பின், பக்கம் என்று படமெடுத்து வைத்தார், லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். ஆவணம் இருப்பதால்தான் இன்று அவர் வெட்டைப் பிரித்துப் படிக்க முடிகிறது.

தாராவி ஓவர்லாக்

ஒரு சந்தேகம். மழைக்காலத்தில் இங்கே கிராஸ் பீஸ் எல்லாம் டெலிவரிக்குப் பிறகு நீளம் கூடுகிறது, கீழ்விளிம்பு ஏறி இறங்குகிறது, பக்கத் தையலில் நூல் பட்டுப்பட்டென்று அறுகிறது. எங்கே சரிசெய்வது?

செம்பூர் டிரேப்

மூன்றும் ஒரே காரணம். கிராஸ் துணி தொங்கத் தொங்க நீள்கிறது, அது முடிவதற்குள் அளந்து தைத்துவிடுகிறீர்கள். 40 அடுக்கு வேண்டாம். ஜார்ஜெட்டை அடுக்குக்கு அடுக்கு மெல்லிய தாள் வைத்து, 8 அல்லது 10 அடுக்கோடு நிறுத்துங்கள். பக்கத்துக்கு 1 அங்குலம் தையலுக்கு விடுங்கள், தொங்கும்போது அகலம் குறையும்.

9 அல்லது 11ஆம் நம்பர் ஊசி, நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நேர்தையல் நீளாது, துணி நீளும், அதனால்தான் நூல் அறுகிறது. நீளம் 2½ மி.மீ., அகலம் அரை மி.மீ. வைத்து மிகச் சிறிய ஜிக்ஜாக் ஓட்டுங்கள். தோளில் மட்டும் நேர்துணிப் பட்டி வையுங்கள்.

கீழ்விளிம்பை மடித்து ஹெம் அடிக்காமல் ஹாங்கரில் 48 மணி நேரம் தொங்கட்டும். ரேயான் க்ரேப் ஈரம் குடித்து நீளும், ஆகையால் ஜூலையில் மூன்று நாள் விடுங்கள். பிறகு பொம்மைக்குப் போட்டு, தரையிலிருந்து ஸ்கேல் நிறுத்திச் சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸ் குறி போடுங்கள். இடுப்பிலிருந்து அளந்து குறி போட்டால் மறுபடி ஏறி இறங்கும்.

சயான் ரவிக்கை

அதே ஜூலையில் கிராஸ் ரவிக்கை முன்பாகத்தையும் லைனிங் சேர்க்கும் முன் ஒரு ராத்திரி கிளிப்பில் தொங்கவிடுங்கள் தம்பி, பட்டிக்கு மேல் பை விழுவது பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

மாட்டுங்கா மார்க்கர்

அக்காவுக்கு என் கடைசி திருத்தம். குறிப்பில் "கண்டுபிடித்தவர்" என்பதை எடுத்துவிட்டு, "முழு உடையையும் எதிரெதிர்ச் சாய்வில் தோளிலிருந்து தொங்கவிட்டவர்" என்று எழுதினால் வியோனேக்கு நான் தடை சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய வரியில் கம்பளிக் கால்சட்டையும் சுடிதார்ப் பையும் வர வேண்டும், பையை எப்படித் தைப்பது என்ற படத்தோடு. பிள்ளைகள் ஒரு மீட்டர் காடாத் துணியில் அந்தப் பையைத் தைத்துவிட்டு மரப் பொம்மைக்குப் போகட்டும்.

செம்பூர் டிரேப்

படம் சரி. வரிசை சரியில்லை. முதலில் பொம்மை, அதில் துணி திருகுவதைக் கண்ணால் பார்க்கட்டும். பை ஏன் திருகுகிறது என்பது அப்போதுதான் புரியும்.