அண்ணாவின்ரை கையெழுத்தைக் கையிலை குத்தலாமோ?

கண்டல்பூ:

வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் ஊர், கிளிநொச்சியிலை வேலை.

2009 மே 18, யுத்தம் முடிஞ்ச நாள், வட்டுவாகல் பாலத்தடியிலை அம்மா என்ரை அண்ணாவைத் தன்ரை கையாலை ஆமியிட்டைக் கையளிச்சவா. அவருக்கு 19, எனக்கு 11. அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அல்பங்கள், பிறப்புப் பத்திரம் எல்லாம் மாத்தளனிலை பங்கருக்குள்ளையே போயிட்டுது. காணாமல் ஆக்கப்பட்டவையின்ரை போராட்டக் கொட்டிலுக்கு அம்மா கொண்டுபோற படம்கூட அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பிச்சதுதான். அவர் தொட்ட சாமான் எண்டு மிஞ்சினது ஓ.எல். கணக்குக் கொப்பி ஒண்டு. மட்டையிலை நீல மையாலை தன்ரை பேரை எழுதி, கடைசி எழுத்தின்ரை வாலை நீட்டிப் பேருக்குக் கீழை கோடு மாதிரி இழுத்திருக்கிறார்.

அந்த எழுத்தை அப்பிடியே இடக்கையின்ரை உள்பக்கத்திலை குத்தி, கீழை 2009.05.18 எண்டு போட விருப்பம். வவுனியாவிலை பச்சை குத்துற ஒராள் படத்தைப் பார்த்திட்டு ஏலும் எண்டவர். அம்மா வேண்டாமாம். கத்தேல்லை, பேசேல்லை. கொப்பியைத் துணியிலை சுத்தி றங்குப்பெட்டிக்குள்ளை வைச்சிட்டா. நாலு நாளாச் சாப்பிடக் கூப்பிடுறதைத் தவிர வேறை கதையில்லை.

குத்தினவையும் வேண்டாம் எண்டவையும் காரணத்தோடை சொல்லுங்கோ. "உன்ரை உடம்பு, உன்ரை விருப்பம்" எண்டு மட்டும் எழுதிப்போட்டுப் போகாதேங்கோ.

பனங்கூடல்:

பிள்ளை, நான் அம்மாவின்ரை பக்கம். வயது 61, வட்டக்கச்சியிலை தோட்டம்.

எங்கட இடத்திலை மாட்டுக்குத்தான் குறி சுடுறது. மனுசருக்கு உடம்பிலை அடையாளம் இருந்தால் ஆபத்து எண்டு பட்டுப் படிச்ச சனம் நாங்கள். 90களிலை சோதனைச் சாவடி ஒண்டிலை என்ரை சேட்டைக் கழட்டச் சொல்லி, புலிகளிட்டைப் பயிற்சி எடுத்த தழும்பு இருக்கோ எண்டு முழங்கை, முழங்கால், தோள்மூட்டு எல்லாம் தடவிப் பார்த்தாங்கள். முழங்கையிலை இருந்தது சின்னனிலை கிணத்துக்கட்டிலை விழுந்த தழும்பு. அதை விளங்கப்படுத்த ரெண்டு நாள் போச்சு. அதுக்குப் பிறகு என்ரை பிள்ளையள் விழுந்தெழும்பினால் காயம் ஆழமோ எண்டு நான் பார்க்கிறேல்லை, தழும்பு நிக்குமோ எண்டுதான் பார்ப்பன். அப்பிடிப் பொத்திப்பொத்தி வளர்த்த உடம்பிலை காசு குடுத்து அடையாளம் போடுறதை என்னாலை ஏற்க ஏலாது. இப்ப காலம் மாறிட்டுது எண்டு சொல்லுவியள். 2002இலை யுத்தநிறுத்தம் வரேக்கையும் அப்பிடித்தான் சொன்னனாங்கள்.

சாமி தந்த உடம்பிலை நாங்கள் எழுதுறது சைவத்துக்கும் ஒத்துவராது.

மலைச்சரிவு:

ஐயா, "எங்கட இடத்திலை" எண்டு எழுதியிருக்கிறியள். அந்த "எங்கட"க்குள்ளை என்ரை அப்பாயி இல்லையோ?

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தை விட்டு வந்து கிளிநொச்சியிலை காடு வெட்டிக் குடியேறின குடும்பம் எங்கடை. அப்பாயியின்ரை ரெண்டு முன்கையிலையும் பச்சை இருக்கு. ஒரு கையிலை புள்ளிக்கோலம், மற்றக் கையிலை தேள். குறத்தி ஒருத்தி வந்து திண்ணையிலை இருந்து பாட்டுப் படிச்சுப் படிச்சுக் குத்தினவவாம். விளக்குக் கரியும் அகத்தியிலைச் சாறும் கலந்த மை. கூலி ஒரு கொத்து அரிசி.

அந்தக் கோலம் அப்பாயியிட்டை மட்டும் இல்லை. 1964இலை செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறதெண்டு எழுதினவை. அந்தக் கணக்கிலை அப்பாயியின்ரை தங்கச்சியும் ஒராள். தலைமன்னாரிலை கப்பல் ஏறப்போற கிழமை ரெண்டு பேரும் ஒரே குறத்தியிட்டை ஒரே கோலத்தைக் குத்திக்கொண்டவை. பிறகு ஒருத்தரை ஒருத்தர் காணவேயில்லை. அப்பாயி இப்பவும் குளிச்சிட்டு வந்து அந்தக் கையைத்தான் முதல் துடைப்பா.

என்னைப் பள்ளிக்கூடத்திலையிருந்து கூட்டிப்போக வந்தால் சீலைத் தலைப்பாலை ரெண்டு கையையும் மூடிக்கொண்டு நிப்பா. பச்சையைக் கண்டால் "தோட்டக்காட்டுச் சனம்" எண்டு சொல்லுவினம் எண்ட பயம். அப்பிடிச் சொன்னவையும் இருந்தவை. அதாலைதான் பச்சை "எங்கட பழக்கமில்லை" எண்டு ஆரும் சொன்னால் எனக்குச் சுடுது. கண்டல்பூ, குத்துங்கோ.

பனங்கூடல்:

பிள்ளை, அது என்ரை பிழை. எங்கட இடத்திலை மாட்டுக்குத்தான் குறி எண்டு எழுதினதைத் திருப்பி எடுக்கிறன். பயத்தைப் பற்றி எழுதினதை எடுக்கேல்லை.

உப்புநீர்விளக்கு:

சைவத்துக்கு ஒத்துவராது எண்டதுக்கு மட்டும் ஒரு பதில். அப்பர் சுவாமிகள் திருத்தூங்கானைமாடத்திலை நிண்டு என்ன கேட்டவர்? சூலக்குறியும் இடபக்குறியும் தன்ரை தோளிலை பொறிக்கச் சொல்லித்தானே கேட்டவர். வைணவர் தோளிலை சங்கு சக்கரம் சுடுவிக்கினம். நாங்கள் முதுகிலை செடில் குத்திக் காவடி ஆடுறம், அலகு குத்துறம். ஊசி தோலுக்குள்ளை போறதை எங்கட கோயில்கள் ஒருநாளும் தடுத்ததில்லை.

பனங்கூடல்:

செடில் காயம் ஒரு கிழமையிலை மூடும். நேர்த்தி முடிய உடம்பு பழையபடி வரும். அப்பர் கேட்டதும் வேறை. சமணத்திலை இருந்து வந்த உடம்பு எண்டு மனம் வருந்தி, "இது என்ரை ஆள்" எண்டு சாமி போடுற குறியைக் கேட்டவர். அது சொந்தக்காரன் போடுற குறி. கண்டல்பூ தானே தனக்குப் போடுறா.

ஆட்காட்டி:

நான் குத்தினவன். வலது முன்கையிலை அப்பாவின்ரை பேரும் திகதியும். அப்பா செல் விழுந்து செத்ததை நான் கண்ணாலை கண்டனான், அதாலை திகதியிலை எனக்குச் சந்தேகம் இல்லை.

குத்தி ஆறு வருஷம். பச்சையிலை எனக்கு வருத்தம் இல்லை, இடத்திலைதான் வருத்தம். நான் கொழும்பிலை வேலை செய்யிறன். சாப்பாட்டு மேசையிலை, பஸ்ஸிலை, சலூனிலை, ஆரோ ஒராள் கையைப் பார்த்திட்டு "அண்டைக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்பார். கெட்ட எண்ணத்தோடை கேட்கிறேல்லை. ஆனால் நான் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு அப்பா செத்த கதையைச் சொல்லவேணும், இல்லாட்டிப் பொய் சொல்லவேணும். பொய் சொன்ன நாளிலை இரவு நித்திரை வராது. இப்ப வெயிலிலையும் நீட்டுக்கைச் சேட்டுத்தான். கண்டல்பூ, மற்றாக்களுக்குத் தெரியாத இடத்திலை குத்துங்கோ. திகதி வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி ஆரும் கேட்டால், பச்சை குத்துறது குற்றமில்லை. 2014இலை கையிலை புத்தர் படம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒராளைக் கட்டுநாயக்காவிலை பிடிச்சு நாடுகடத்தினவை. 2017 நவம்பரிலை உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் எண்டு தீர்த்து, 8 லட்சம் ரூபாய் குடுக்கச் சொன்னது.

பனங்கூடல்:

தம்பி, அந்தப் பிள்ளைக்கு நீதி வர மூண்டரை வருஷம். அவவுக்குப் பின்னாலை ஒரு தூதரகம் இருந்தது. வட்டக்கச்சிப் பெடியனுக்கு ஆர் இருக்கினம்? தடைசெய்த இயக்கத்தின்ரை சின்னத்தைக் குத்தினால் பயங்கரவாதத் தடைச்சட்டம் வரும். 1979இலை தற்காலிகம் எண்டு கொண்டந்த சட்டம். வெறும் பேரும் மே 18ம் எண்டாலும் பார்க்கிறவன் தனக்கு விளங்கினபடிதான் வாசிப்பான்.

மருந்துக்குறிப்பு:

நான் வவுனியாவிலை தாதி. குத்து, குத்தாதே எண்டு சொல்ல வரேல்லை. குத்துறதெண்டால் தெரிஞ்சுகொண்டு குத்துங்கோ.

ஊசி உறை உங்களுக்கு முன்னாலை உடைபடவேணும். மைக்கிண்ணமும் உங்களுக்கெண்டு புதுசா எடுத்ததா இருக்கவேணும், ஏனெண்டால் ஊசியைப் புதுசா மாத்திப்போட்டு மையிலை ஆளாளுக்குத் தோய்க்கிற இடங்களும் இருக்கு. மஞ்சள்காமாலை (ஹெப்பரைற்றிஸ்) பி, சி, எச்.ஐ.வி. மூண்டும் இரத்தத்தாலை பரவுறது. கண்டல்பூ 98ஆம் ஆண்டுப் பிள்ளையா இருக்கவேணும். ஹெப்பரைற்றிஸ் பி ஊசி இலங்கையிலை குழந்தையளின்ரை தடுப்பூசி அட்டவணையிலை சேர்ந்தது 2003இலை. அப்ப நீங்கள் போட்டிருக்க மாட்டியள். முதல் அதைப் போடுங்கோ, மூண்டு தரம் போடவேணும். இரத்ததானம் செய்யிற ஆள் எண்டால் குத்தினதிலையிருந்து ஒரு வருஷம் குடுக்க ஏலாது. தோளிலை தடுப்பூசித் தழும்பு தடிச்சு வளர்ந்திருக்கோ எண்டும் பாருங்கோ. அப்பிடி வளருற தோல் எண்டால் எழுத்தும் மேடாகிப்போம்.

எழுத்தைப் பற்றி. கொப்பி மட்டையிலை இருக்கிற அளவிலை குத்தக் கேட்காதேங்கோ. மை வருஷக்கணக்கிலை கொஞ்சம் கொஞ்சமாப் பரவும். எங்கட எழுத்திலை சுழி இருக்கு. ண, ன, ஞ, இ எல்லாம் சுழி மூடுப்பட்டுக் கறுத்த பொட்டு மாதிரிப் போயிடும். கையெழுத்து எண்டதாலைதான் குத்துறியள், அந்தக் கையே தெரியாமல் போனால் பிறகு என்னத்துக்கு? பெருப்பிச்சுக் குத்தச் சொல்லுங்கோ.

லேசராலை அழிக்கலாம் எண்டு நம்பிக் குத்தாதேங்கோ. கறுப்பு மை மற்ற நிறங்களை விடச் சுகமாப் போகும், எண்டாலும் கிழமைக்கணக்கிலை இடைவெளி விட்டுப் பல தரம் போகவேணும். மை இருக்கிறது மேற்தோலிலை இல்லை, அதுக்குக் கீழ்த் தட்டிலை. வெளியாலை வந்த பொருளை விழுங்கிக் கொண்டுபோற கலங்கள் மையையும் விழுங்கும், ஆனால் கொண்டுபோக ஏலாமல் அதிலையே வைச்சுக்கொண்டு நிக்கும். ஒரு கலம் செத்தால் அது விட்டதைப் பக்கத்துக் கலம் எடுத்து வைச்சிருக்கும்.

கண்டல்பூ:

எல்லாருக்கும் நன்றி. மருந்துக்குறிப்பு அக்கா, பேரின்ரை கடைசி எழுத்திலை சுழி இருக்கு. நீட்டின வால் அதிலையிருந்துதான் துவங்குது.

நேற்று இரவு அம்மா கதைச்சவா. தழும்பு, சோதனை, சனம் என்ன சொல்லும் எண்ட பயம் ஒண்டும் இல்லையாம். அந்தத் திகதிதான். "அது நான் அவனைக் குடுத்த நாள். கல்லிலைதான் பேருக்குக் கீழை நாள் எழுதிறது" எண்டா. அண்ணாவுக்கு இண்டைவரைக்கும் நாங்கள் திவசம் குடுக்கேல்லை. இத்தனை வருஷம் மரணப் பத்திரம் வேண்டாம் எண்டு அம்மா நிண்டதை மகள் கையிலை எழுதி முடிச்சுவைக்கப் பார்த்திருக்கிறன். நான் அதை யோசிக்கவேயில்லை.

திகதியை விட்டிட்டன். பேரை விட மனம் வரேல்லை. கல்லிலை எழுதின பேரும் நிக்கேல்லை, கனகபுரத்திலை போராளியளைப் புதைச்ச துயிலுமில்லக் கல்லுகளை உடைச்சுத் தள்ளினதை எல்லாரும் கண்டம். கடதாசியிலை இருந்தது இடம்பெயர்விலை போச்சு. எனக்கு எடுத்துக்கொண்டு ஓடத் தேவையில்லாத ஒரு இடத்திலை அவரின்ரை பேர் இருக்கவேணும். ஐயா, இதுக்கு என்ன சொல்லுறியள்?

மலைச்சரிவு:

அப்பாயியின்ரை கையிலையும் திகதி இல்லை. கோலம் மட்டும்தான்.

பனங்கூடல்:

பிள்ளை, ரெண்டு தரம் எழுதி அழிச்சுப்போட்டு எழுதுறன்.

2010இலை திரும்பி வரேக்கை மாடுகள் எல்லாம் காட்டோடை கட்டாக்காலியா நிண்டது. சனம் குறியைப் பார்த்துத்தான் தங்கட மாட்டைப் பிடிச்சது. என்ரை பசு ஒண்டு ரெண்டு கன்றோடை நிண்டது. தொடையிலை அப்பாவின்ரை முதலெழுத்து, அவர் சுட்டது. அப்பா 2009இலை போயிட்டார். அந்த எழுத்தைத் தடவிக்கொண்டு கனநேரம் நிண்டனான். அதாலை நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்காமலில்லை.

எண்டாலும் என்ரை மனம் மாறேல்லை. அண்ணா வாறார் எண்டு அம்மா இருக்கிறா. வாற ஆளின்ரை பேரைக் கையிலை குத்துவினமோ? அம்மா திகதியைப் பற்றிச் சொன்னது பேருக்கும் பொருந்தும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

ஆட்காட்டி:

ஐயா, உயிரோடை இருக்கிற பெண்சாதியின்ரை, பிள்ளையின்ரை பேரை ஆக்கள் குத்துறேல்லையோ? பேர் எண்டால் சாவு எண்டு ஆர் சொன்னது? மலைச்சரிவின்ரை அப்பாயி தங்கச்சி உயிரோடை போகேக்கைதானே குத்தினவா.

பனங்கூடல்:

அது சரி. அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை.

கண்டல்பூ, குத்துறியளோ இல்லையோ, முதல் கொப்பியை வெளியாலை எடுங்கோ. இஞ்சை றங்குப்பெட்டிக்குள்ளை கடதாசி வைச்சால் ஒரு மாரியிலை கறையான் ஏறும். மட்டையும் உள்ளுக்கு ஒவ்வொரு பக்கமும் ஸ்கான் பண்ணி மூண்டு இடத்திலை வையுங்கோ. எங்கட தம்பி 1996இலை காணாமல் போனவன். அவன்ரை கடிதம் ஒண்டை நாங்கள் அப்பிடித்தான் இழந்தது.

கண்டல்பூ:

ஐயா, நீங்கள் சொன்னபடி இண்டைக்குப் பின்னேரம் அம்மாவைக் கேட்டு எடுத்தனான். அவவே துணியை அவிழ்த்துத் தந்தவா. ரெண்டு பேரும் இருந்து ஒவ்வொரு பக்கமா ஸ்கான் பண்ணினம். கறையான் இல்லை. ஓரத்திலை கொஞ்சம் வெள்ளிப்பூச்சி அரிச்சிருக்கு.

பின்மட்டையின்ரை உள்பக்கத்திலை பென்சிலாலை ஒரு வரி இருக்கு. ஸ்கானிலை வெளிச்சத்தைக் கூட்டினதாலைதான் தெரிஞ்சது. என்ரை வீட்டுப்பேரைப் போட்டு, "இது அண்ணாவின்ரை கொப்பி, இதிலை கீறக்கூடாது" எண்டு எழுதியிருக்கிறார். அதுக்குக் கீழை நான் கீறின ஒரு ஆனை.

அம்மா அந்த வரியை மூண்டு தரம் வாசிச்சா. குத்துறதைப் பற்றி நாங்கள் இன்னும் கதைக்கேல்லை.