பாப்பரசரின் சுவாவ் படைக்காரர்கள்: பிரெஞ்சு தேசபக்தர்களா?

செங்கதிர்:
ரோமில் பாப்பரசர் ஒன்பதாம் பயஸின் அரசைக் காக்க 1860-இல் கிளம்பிப்போன, சுவாவ்கள் எனப்பட்ட கத்தோலிக்கத் தொண்டர்களைத் தேசபக்தர்கள் என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் தலைவர் ஷாரெத் யார்? பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து மேற்கு பிரான்சின் வாந்தே பகுதியில் போரிட்டு, 1796-இல் நாந்த் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவரின் வம்சம். அனுமதியின்றி அந்நியப் படையில் சேர்ந்தால் குடியுரிமையே போகும் என்றது 1804 சிவில் சட்டம். பாப்பரசருக்காக உயிரைக் கொடுத்தவனிடம் பிரான்ஸ் எதை எதிர்பார்க்க முடியும்?

அருள்:
கதையைப் பாதியில் நிறுத்துகிறீர்களே. 1870 செப்டம்பர் 20 அன்று ரோம் இத்தாலியப் படையிடம் விழுந்தது. அப்புறம் பிரெஞ்சு சுவாவ்கள் ஊர் திரும்பி, குடியரசுவாதி காம்பெத்தா இருந்த, அப்போது புதிதாக அமைந்திருந்த பிரெஞ்சுக் குடியரசு அரசின் கீழ், மேற்குத் தொண்டர் படை என்ற பெயரில், பிரான்சுக்குள் படையெடுத்து வந்த ஜெர்மானியரை எதிர்த்து இறங்கினார்கள். டிசம்பர் 2, லுவாஞி கிராமம், உறைபனி, பொழுது சாயும் நேரம். தளபதி சோனிஸ் முன்னால் போக, சுமார் 300 சுவாவ்கள் திறந்த வயலில் பாய்ந்தார்கள், பெரும்பாலோர் விழுந்தார்கள். கொடி பிடித்தவர் விழ இன்னொருவர் எடுத்தார், அவரும் விழ அவர் மகன் எடுத்தார். சோனிஸுக்கு ஒரு கால் போனது, ஷாரெத்துக்கும் காயம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

செங்கதிர்:
வீரத்தை யார் மறுத்தார்கள்? அந்தக் கொடி எது என்று சொல்லுங்கள். பிரான்சின் மூவர்ணம் இல்லை, கன்னியர் மடத்தில் தைத்த திரு இருதயக் கொடி.

அருள்:
சரி, அதில் என்ன எழுதியிருந்தது? "இயேசுவின் திரு இருதயமே, பிரான்சைக் காப்பாற்றும்." பாப்பரசரை இல்லை, பிரான்சை.

செங்கதிர்:
எந்த பிரான்சை? 1871-இல் அந்தப் படையை வழக்கமான ராணுவத்தோடு சேர்க்க அரசு கேட்டபோது ஷாரெத் மறுத்துவிட்டார். 1873-இல் அவர்கள் ராஜாவாக்க நம்பியிருந்த, பழைய அரச வம்சத்து ஷாம்போர் பிரபுவோ மூவர்ணக் கொடியை ஏற்காததால் அரியணையையே கோட்டைவிட்டார். அவர்கள் மனதில் இருந்தது ராஜா ஆளும் கத்தோலிக்க பிரான்ஸ், வேறொன்றும் இல்லை.

வாசுகி:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். 1867-இல் ரோமுக்கு அருகே மென்டானாவில் இந்த சுவாவ்கள் எதிர்த்த இத்தாலியப் புரட்சித் தலைவர் கரிபால்டியும் 1870-இல் அதே குடியரசுக்காகத்தான் போரிட்டார், வோஜ் படை என்ற பிரெஞ்சுப் படைக்குத் தலைவராக. குடியரசு இருவரையும் சேர்த்துக்கொண்டது, யாரிடமும் கொள்கை கேட்கவில்லை. ஆனால் 1871 பிப்ரவரியில் போர்தோ நகரில் கூடிய பிரெஞ்சு தேசிய சபையில் கரிபால்டியைப் பேசவே விடாமல் கூச்சல் போட்டார்கள், அங்கே முடியாட்சிக்காரர்கள்தான் பெரும்பான்மை. உங்கள் அளவுகோலில் அவரை எங்கே வைப்பீர்கள், செங்கதிர்?

செங்கதிர்:
கரிபால்டி குடியரசைக் காக்க வந்தார் அம்மா. இவர்கள் அது ஒழியும்வரை பொறுத்துக்கொண்டார்கள்.

அருள்:
லுவாஞி வயலில் கிடந்தவர்கள் எதற்கும் பொறுத்திருக்கவில்லையே.