வெட்டியது 31 கிராம்: ட்ரையல்ஸ் ஃபிரேமில் கை வைத்த அனுபவங்கள்

ட்ரையல்ஸ் சைக்கிளில், அதாவது கால் ஊன்றாமல் பாறை, தடைகள் மேல் குதித்து ஏறும் சைக்கிளில், சீட் கிடையாது, கியர் கிடையாது. அதிலும் என் கண்ணுக்கு ஏதோ கூடுதலாக இருப்பதாகத் தெரிந்தது. 20 இஞ்ச் அலுமினிய ஃபிரேம், ஒருவர் ஓட்டியதை வாங்கினேன். பின்னால் நான்கு போல்ட்டில் உட்காரும் மகுரா கம்பெனி ரிம் பிரேக், சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை. ஆக, இடது டிராப்அவுட்டுக்கு (பின்சக்கர அச்சு உட்காரும் தகடு) மேலே டிஸ்க் பிரேக்குக்காக விட்ட இரண்டு காதுகளும் சும்மா நீட்டிக்கொண்டிருந்தன. 51 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டைகள், அவ்வளவுதான். பின்சக்கரத்தில் நின்று குதிக்கும்போது அந்தக் காது கணுக்காலை இரண்டு தடவை கிழித்தது. எடையும் குறையுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரைக் கையில் எடுத்தேன்.

பத்து நிமிட வேலை. வெட்டிய துண்டைத் தராசில் வைத்தால் 31 கிராம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பு பெயின்ட் அடித்ததும் கம்பெனியிலிருந்தே அப்படி வந்தது போல இருந்தது.

நான்கு மாதம் கழித்து, குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஒரு சத்தம். செயின் என்று நினைத்தேன். அப்புறம் ஃப்ரீவீல். அப்புறம் பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி கிரீஸ் வைத்தேன். சத்தம் போகவில்லை. கடைசியில் சக்கரத்தைக் கழற்றித் துடைத்தபோதுதான் பார்த்தேன்: டிராப்அவுட்டில் முடி மாதிரி ஒரு கோடு. காதை வெட்டும்போது கட்டிங் டிஸ்க்கைத் திருப்பிய உள்மூலையில்தான் அது தொடங்கியிருந்தது.

இப்படி எதையாவது வெட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள். இதில் வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்றும் சொல்லுங்கள்.

*

நானும் வெட்டியவன்தான். என்னுடையது குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) இரும்பு ஃபிரேம், வெட்டியது வி-பிரேக் மாட்டும் குத்துக்கட்டைகளை. கிரைண்டரைத் தொடவில்லை. ஹேக்ஸா பிளேடால் குழாயிலிருந்து 3 மி.மீ. தள்ளியே அறுத்தேன். மிச்சத்தை அரத்தால் ராவினேன், அதுவும் குழாயின் நீளவாக்கில் மட்டும். வெல்டிங் மேட்டைத் தொடாமல் அப்படியே விட்டேன். ஐந்து வருடமாக விரிசல் எதுவும் இல்லை.

குரோமோலிக் குழாயின் நடுப்பகுதி 0.5 மி.மீ. கனம்கூட இருக்கலாம், முனைகளில் 0.8. அந்த 0.8-இல் கிரைண்டரின் கட்டிங் டிஸ்க் வழுக்கி 0.2 மி.மீ. கீறினாலே கால்வாசி போயிற்று. அதுவும் கீறல் குழாய்க்குக் குறுக்கே விழுந்தால் கதை முடிந்தது.

எனக்கு அடி வேறு பக்கம் விழுந்தது. ஒரு குத்துக்கட்டையை ராவி முடித்ததும் அதன் அடியில் குழாயில் பொடி ஓட்டை ஒன்று தெரிந்தது. வெல்டிங் சமயத்தில் உள்ளே இருக்கும் காற்று வெளியேற அப்படி ஓட்டை போடுவார்கள். கவனிக்காமல் விட்டேன். அந்த மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் உள்ளே போய், பிறகு ஃபிரேமை ஆட்டினால் துருப்பொடி கொட்டும் சத்தம் கேட்டது.

*

நான் மோட்டார் சைக்கிளில் ட்ரையல்ஸ் ஓட்டும் ஆள். பழைய இரட்டை ஷாக் வண்டி, இரும்புக் குழாய் ஃபிரேம். இறுக்கமான வளைவுகளில் ஹேண்டில் இன்னும் கொஞ்சம் திரும்பினால் நன்றாக இருக்குமே என்று ஸ்டீரிங் தலையில் ஹேண்டிலைத் தடுத்து நிறுத்தும் கட்டையில் பாதியைத் தேய்த்து எடுத்தேன். ஃபிரேமின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்பது என் கணக்கு.

முதல் நாளே ஒரு பாறையைச் சுற்றி முழுசாகத் திருப்பினேன். ஃபோர்க் டேங்கில் போய் இடித்தது. அது பரவாயில்லை. ஆக்ஸிலேட்டர் கேபிள் அவ்வளவு திருப்பத்துக்கு நீளம் பற்றாமல் இழுபட்டு, நான் முறுக்காமலே என்ஜின் உறுமியது. வண்டி தனியாகப் பாறை ஏறியது, நான் கீழே உட்கார்ந்து பார்த்தேன்.

இன்னொன்று. பல வண்டிகளில் சேஸிஸ் எண்ணை அந்தத் தலைக்குழாயில்தான் அடித்திருப்பார்கள். அங்கே தேய்க்கப்போய் எண்ணில் ஒரு இலக்கம் மங்கினாலும், விற்கும்போது நீங்கள் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

*

வெல்டிங் பற்றிக் கேட்டவருக்கு. என் தொழிலே அதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

உங்கள் ஃபிரேம் 6061 ரக அலுமினியமாக இருந்தால் அதன் பலம் உலோகத்தில் பாதி, சூட்டுப் பதத்தில் பாதி. வெல்டிங் முடிந்தபின் ஃபிரேமை முழுசாக 530 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி 170 டிகிரி பக்கத்தில் பல மணி நேரம் வைத்திருப்பார்கள். டி6 என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பது இந்தப் பதத்தைத்தான். விரிசலில் நீங்கள் டிக் (TIG) வெல்டிங் வைத்தால் வெல்டு நன்றாகவே நிற்கும். பக்கத்து உலோகம்தான் பதம் கெட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலத்தை இழந்துவிடும். அடுத்த விரிசல் வெல்டுக்கு அரை இஞ்ச் தள்ளி வரும். ஃபிரேமோடு உலையில் வைத்துப் பதம் ஏற்றித் தருகிறவர் கிடைத்தால் செய்யுங்கள், அதில் ஃபிரேம் கோணிப் போகவும் வாய்ப்புண்டு. 7005 ரக அலுமினியம் என்றால் வெல்டிங்குக்குப் பிறகும் பலம் ஓரளவு தானே மீளும். எந்த ரகம் என்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கிரைண்டர் சூட்டுக்கும் இதே கதைதான், கொஞ்சம் சின்ன அளவில். அலுமினியம் இரும்பு போலச் சிவந்து காட்டாது, அமைதியாகவே பதம் இழக்கும். ஓரத்துப் பவுடர் கோட்டிங் கொப்புளித்திருந்தால் அங்கே 200 டிகிரியைத் தாண்டியது என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் விஷயத்தில் சூட்டை விட மூலைதான் குற்றவாளி என்று தோன்றுகிறது. வளைவாக ஓடிய விளிம்பை நீங்கள் கூர்மூலையாக்கிவிட்டீர்கள். குதித்து இறங்கும் ஒவ்வொரு அடியும் அந்தப் புள்ளியில் வந்து குவியும். இரும்புக்கு ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழான அடிகளை எத்தனை லட்சம் முறையானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி எல்லையே இல்லை, சின்ன அடிகளும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

ஓட்டுவதை நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயம் ஸ்ப்ரேயில் கிடைக்கும். அடித்துத் துடைத்துவிட்டு மேலே வெள்ளை டெவலப்பரை அடித்தால் கோடு தானே எழும்பித் தெரியும்.

*

கணுக்கால் கிழிவதற்கு வெட்டத்தான் வேண்டுமா? எனக்கும் அதே காது, அதே தழும்பு. பழைய டியூபில் ஒரு துண்டை அறுத்துக் காதின் மேல் மாட்டி, ஓட்டை வழியாக ஒரு ஸிப் டை போட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. மூன்று வருடம் ஆயிற்று.

*

தொடங்கியவன் திரும்ப வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி, வெல்டிங்காரருக்குக் கூடுதலாக.

ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் நிறுத்தச் சொன்ன பிறகும் சமதரையில் இரண்டு வாரம் ஓட்டினேன், குதிக்காமல். விரிசலின் நுனியில் மார்க்கர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டுவைத்திருந்தேன். நேற்று பார்த்தால் விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டி 4 மி.மீ. போயிருக்கிறது. கூடவே, வெட்டிய ஓரத்தில் நான் அடித்த கறுப்பு பெயின்டைச் சுரண்டினேன். அடியில் பழைய கோட்டிங் கொப்புளித்துத்தான் இருந்தது.

ஃபோர்க், சக்கரங்கள், பிரேக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். வேறு ஃபிரேம் வந்துகொண்டிருக்கிறது. அதிலும் டிஸ்க் காது உண்டு. டியூபை இப்போதே அறுத்து வைத்துவிட்டேன்.