ஸ்பைனா பிஃபிடா (முதுகெலும்பு சரியாக மூடாத குறை) உள்ள பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா?

தக்கலை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பிறவியிலேயே ஸ்பைனா பிஃபிடா. தலையில் நீர் கோத்ததால், அதை வடிக்க உள்ளே ஷன்ட் என்ற சிறு குழாய் வைத்திருக்கிறோம். இப்போது ஆறாம் வகுப்பு. வாய் ஓயாமல் அழகாகப் பேசுவாள். ஆனால் கணக்கு, பையை அடுக்குவது, ஒரு வேலையைத் தானே தொடங்கி முடிப்பது எல்லாம் தடுமாற்றம். ஷன்ட் உள்ள பிள்ளைகள் பலருக்கு இப்படி இருக்கும், இது சோம்பல் இல்லை என்று டாக்டர் சொன்னார். பள்ளியில் எப்படிப் புரியவைப்பது?

அதைவிடப் பெரிய கவலை, ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுப்பது தோழிகளுக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒதுங்கியே இருக்கிறாள். அவளே செய்யப் பழகினால் தைரியம் வரும் என்று நம்புகிறேன். நீங்கள் எந்த வயதில் பழக்கினீர்கள்? நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இந்தப் பிள்ளைகளை அறிந்த மனநல ஆலோசகர் உண்டா? திருவனந்தபுரம் என்றாலும் வருவோம். அப்புறம், இதோடு வளர்ந்த அக்கா யாராவது அவளிடம் இரண்டு வார்த்தை பேசுவீர்களா?