பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு எங்கிருந்து உதவி கிடைத்தது? வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கண்டாவளைப் பக்கத்திலிருந்து ஒரு மகள்

ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. வலப்பக்கம் முழுவதும் இழுத்துவிட்டது. பேச்சில் பாதி வாயால் வரும், மீதியைக் கண்ணால் சொல்வார். வாட்டில் 11 நாள் வைத்திருந்துவிட்டுத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று மாலை, ஒரு கிளினிக் கொப்பியும் ஒரு பை மாத்திரையும் ஐயாவுமாக ஓட்டோவில் வந்து வீட்டில் இறங்கினேன். அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான், இனி இவரை எப்படித் திருப்புவது, எப்படி மலசலம் கழிக்க வைப்பது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு எதை ஊட்டுவது என்று ஒருவரிடமும் கேளாமலே வந்துவிட்டேன் என்பது உறைத்தது. கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லித் தந்திருப்பார்கள். ஆனால் ஐயாவைப் பற்றி அத்தனையும் விசாரித்தவர்கள், வீட்டில் இவரைப் பார்ப்பது யார் என்று கேட்கவில்லை. 2009 இல் கணவரை இழந்து, பிள்ளையோடு தகப்பன் வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான் என்று நானும் சொல்லவில்லை.

பராமரிப்பில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியைக் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த ஓர் அக்காவிடம்தான் கற்றேன். பரந்தனைச் சேர்ந்த அவர் தன் தாயாரை அப்போதே ஐந்தாவது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் கூப்பிடும் வரை எங்களுக்கு மூன்று மணித்தியாலம் இருந்தது. ஐயாவின் குதிக்காலைத் தூக்கிப் பார்த்தவர், "தங்கச்சி, இந்தச் சிவப்பு நாளைக்குப் புண்" என்றார். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் மெத்தையில் படாமல் விடவேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றவேண்டும், சிவந்த இடத்தை எண்ணெய் பூசித் தேய்க்கக்கூடாது என்றெல்லாம் சொன்னார். நல்லெண்ணத்தோடு அயலில் ஒருவர் தந்திருந்த காற்றடித்த ரியூப் வளையத்தைப் பற்றிச் சொன்னதும், அது நடுவில் உள்ள தசைக்கு இரத்தம் போகவிடாது, உடனே எடுத்துவிடு என்றார். நான் அதைத்தான் ஒரு வாரமாகப் பெருமையோடு பாவித்துக்கொண்டிருந்தேன்.

தனியாளாக ஒரு ஆம்பிளையைக் கட்டிலில் நகர்த்துகிற வித்தையும் அவர் தந்ததே. பழைய சாரம் ஒன்றை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி ஐயாவுக்குக் கீழே எப்போதும் விரித்து வைத்திருக்கிறேன். திருப்பும்போது முதலில் அவருடைய தூரப் பக்கத்து முழங்காலை மடக்கி, சாரத்தின் தூர ஓரத்தை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்து, என் முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முண்டு கொடுத்துக்கொண்டு என் பக்கமாக இழுத்தால், தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பி வருகின்றன. அதற்கு முன்பு அவருடைய கக்கத்தில் கை கொடுத்து இழுத்து, என் முதுகையும் அவருடைய சோர்ந்த தோளையும் ஒருங்கே கெடுத்துக்கொண்டிருந்தேன். உணவூட்டும்போது நிமிர்த்தி இருத்தி, நல்ல பக்கத்து வாயில் சிறு கரண்டியால் வைத்து, தண்ணீரைக் காட்டிலும் கஞ்சித் தடிப்பில் கொடுத்து, பின்னர் அரை மணித்தியாலம் படுக்க விடாமல் வைத்திருப்பதும் அவர் வாயால் கேட்டதே. பிறகு ஒரு தாதியிடம் கேட்டபோது எல்லாம் சரிதான் என்றார்.

அலுவலக வழிகளையும் சொல்லிவிடுகிறேன். கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் காண்பதுதான் முதற்படி. 60 வயதைக் கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை அங்கேதான் எடுக்கலாம். வங்கியிலும் வைத்தியசாலையிலும் வரிசையைக் குறைக்க அது உதவும். வருமானம் குறைந்த குடும்பத்தில் 70 வயதைக் கடந்தவருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பம்பர்ஸ் வாங்குகிறவர்களுக்கு அது எத்தனை நாளைக்குக் காணும் என்பது தெரியும். சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு வைத்தியரின் கடிதம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென 1987 இலிருந்து இயங்கும் ஜெய்ப்பூர் நிறுவனத்திலும் விசாரிக்கலாம். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு புனர்வாழ்வுச் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு அமைந்திருப்பதால், பாரிசவாதம் வந்தவரை வைத்திருப்போர் துண்டு வெட்டுமுன்பே அங்கே அனுப்ப முடியுமா என்று வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இவ்வளவும் ஐயாவுக்கானவை. எனக்கென்று கிடைத்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் எந்தப் படிவத்திலும் இல்லாதது. எங்கள் கிராமத்து முதியோர் சங்கக் கூட்டத்தில் ஐயாவின் சந்தாவைக் கட்டப்போன இடத்தில், களைப்பிலோ கோபத்திலோ, "எனக்குக் காசு வேண்டாம், ஐயாவுக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு மணித்தியாலம் இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் பேசாமல் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஒரு காலத்தில் ஐயாவோடு சேர்ந்து இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்த ஒருவர் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு படலையில் நின்றார். இன்று வரை செவ்வாயும் வெள்ளியும் 3 மணியிலிருந்து 5 மணி வரை வருகிறார். பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை உரத்து வாசிக்கிறார். ஐயா இடக்கையால் கட்டிலைத் தட்டித் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறார். முதல் மாதம் அந்த இரண்டு மணித்தியாலத்தையும் நான் நித்திரை கொண்டே கழித்தேன். தகப்பனை ஊரவனிடம் விட்டுவிட்டு மகள் உறங்குகிறாள் என்று கதைத்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரும் அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு வந்து இருந்ததில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மல்லாவியிலிருந்து ஒரு மகன்

சகோதரி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் அம்மா எழுந்து நடப்பார், நன்றாகச் சாப்பிடுவார்; அவரிடமிருந்து போவது நினைவு. அதனால் வருத்தக்காரியாக அவரை எவரும் நம்பவில்லை, ஆரம்பத்தில் நானும் நம்பவில்லை.

பொழுது சாய்ந்தால் அம்மா பையைக் கட்டத் தொடங்குவார். ஒரு சேலை, சாமித்தட்டிலிருந்த படம், பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டை, ஒரு சுண்டு அரிசி. இவற்றை எடுத்துக்கொண்டு படலைக்குப் போய், "எல்லாரும் வெளிக்கிட்டாச்சு, நீ இன்னும் என்ன செய்யிறாய்?" என்று என்னைக் கூப்பிடுவார். 2008 இல் மல்லாவியிலிருந்து வெளிக்கிட்டுக் கிழக்கே கிழக்கே என்று முள்ளிவாய்க்கால் வரை போன குடும்பம் எங்களுடையது. யுத்தம் முடிந்துவிட்டது, இது எங்கள் வீடு என்று நான் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த, அவருடைய பயம் கூடி, ஒருநாள் என்னையே தள்ளிவிட்டு ஓடினார். மாலை நேரத்தில் குழப்பம் கூடுவது மறதி நோயின் இயல்பு என்பதையும், மறுத்து வாதாடக்கூடாது என்பதையும் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இப்போது நான் மறுப்பதில்லை. பையை நான் வாங்கிக்கொள்கிறேன். இருவருமாகப் படலை வரை போய் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். "ட்ரக்டர் காலமைதான் வருமாம் அம்மா, இப்ப தேத்தண்ணி குடிப்பம்" என்று சொன்னால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார். பொழுது படுமுன்பே வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறேன். அது உதவுகிறது.

இன்னொன்று, எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. சென்ற வருடம் இரண்டே நாளில் அம்மா ஆளே மாறிப்போனார். என்னைத் தெரியவில்லை, இரவு பகல் தெரியவில்லை. நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் அழுதுகொண்டிருக்க, சோதித்தபோது சலத்தில் கிருமித் தொற்று இருந்தது. மருந்து எடுத்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தார். வயதானவர் திடீரென்று குழம்பினால் வயதின் மேல் பழியைப் போடாமல் முதலில் சலத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அன்று இரவு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரியவைத்தான் அழைத்தோம். வடக்கில் 2018 இலிருந்து இந்த இலவச அம்புலன்ஸ் ஓடுகிறது. எங்கள் ஒழுங்கைகளுக்குப் பெயரும் கிடையாது, வீடுகளுக்கு இலக்கமும் கிடையாது. ஆகையால் அழைத்த கையோடு ஒருவரை ரோச் லைற்றுடன் பிரதான வீதிக்கு அனுப்புங்கள். எங்கள் பக்கத்தில் அதற்கும் யானை நிற்கிறதா என்று பார்த்துத்தான் போகவேண்டும்.

தாயைக் குளிப்பாட்டுவது ஒரு மகனுக்கு எவ்வளவு கடினம் என்பதை நீட்டி எழுத விரும்பவில்லை. அம்மா கூசுகிறார், நானும் கூசுகிறேன். ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் கிழமைக்கு மூன்று நாள் வந்து அதைச் செய்கிறார். அவருடைய பிள்ளைகளுக்கு நான் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். காசு வாங்கமாட்டேன் என்று நின்றவர், இந்தக் கைமாற்றுக்கு உடனே சம்மதித்தார்.

புதுக்குடியிருப்பில் பிறந்து கனடாவில் இருக்கும் ஓர் அண்ணன்

நான் பராமரிப்பவன் அல்லன்; பராமரிக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் கட்டளையிட்டவன். ஆச்சரியம் என்னவென்றால், அப்போது அது எனக்கு அன்பாகவே தெரிந்தது. அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தபோது நல்ல சக்கர நாற்காலி ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பினேன். ஆறு மாதத்தின் பின் போய்ப் பார்த்தால், அது திண்ணையில் துணி காயப்போட நின்றது. எங்கள் முற்றம் மணல் முற்றம். சிறிய முன் சில்லு நான்கு அடி போவதற்குள் புதைந்துவிடும். அம்மாவோடு சேர்த்து நாற்காலியையும் தங்கைதான் தூக்கவேண்டும். கிணற்றடிக்கும் கழிப்பறைக்கும் ஒரு யார் அகலத்தில் சீமெந்துப் பாதை போட்ட பிறகே அந்த நாற்காலி நாற்காலியானது. பாதைக்கான செலவு நாற்காலியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

அந்தப் பயணத்தில் மூன்று கிழமை இரவு வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்புவதென்பது, நான்காம் இரவில் மனிதனை என்ன செய்யும் என்பதை அங்கே அறிந்தேன். வெளிக்கிடும்போது இனி என்ன அனுப்ப என்று கேட்டேன். "சாமான் வேண்டாம் அண்ணா, மாசத்தில ரெண்டு நாள் வேணும்" என்றாள். இப்போது ஒட்டுசுட்டானிலிருந்து சின்னம்மாவின் மகள் மாதத்தில் ஒரு சனியும் ஞாயிறும் வந்து நிற்கிறாள். அவளுக்குரிய சம்பளத்தையும் பஸ் காசையும் நாங்கள் மூன்று சகோதரர்களும் முறைவைத்துக் கொடுக்கிறோம். முறை தவறியது ஒரு தடவைதான், அது நான்தான்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு மருமகள்

மாமிக்கு எங்கள் கணக்கில் 72 வயது. அடையாள அட்டையில் 68. இடப்பெயர்வில் எல்லாப் பத்திரமும் போனபின், அவசரத்தில் யாரோ சொன்ன வருடம் பதிவாகிவிட்டது. கொடுப்பனவுக்குப் போன ஓர் அலுவலகத்தில், மாமியை நிமிர்ந்து பார்க்காமலே அட்டையை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். பிறப்புப் பதிவு எந்த மாவட்டத்தில் நடந்ததோ அங்கே பிரதிக்கு விண்ணப்பித்துத் தேடிக்கொண்டிருக்கிறோம். பதிவே இல்லையென்று எழுத்தில் வந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவேண்டும். பெற்றோர் 60 ஐத் தொடும்போதே அட்டையிலுள்ள வருடத்தைப் பாருங்கள். படுக்கையில் விழுந்தபின் அவரை ஏற்றி இறக்கி அலுவலகங்களுக்குக் கொண்டு திரிய ஏலாது.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டப்படி, பிள்ளைகள் கைவிட்டால் பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு முறைப்பாடு செய்யலாம் என்பதையும் அறிந்து வைத்திருங்கள். என் கணவரின் தமையன்மார் இருவருக்கும் அதை ஒரு தடவை ஞாபகப்படுத்த நினைத்தேன். மாமி வேண்டாம் என்றார். ஆகவே விட்டுவிட்டேன், ஆனால் மனதில் வைத்திருக்கிறேன்.

கண்டாவளை மகள், மீண்டும்

நெடுங்கேணி அக்காவுக்கு: பதிவுத் தேடலுக்குப் போகும்போது மாமியின் பழைய பாடசாலையையும் விசாரியுங்கள். சில பாடசாலைகளில் பழைய சேர்விடாப்புக்கள் தப்பியிருக்கின்றன. பிறந்த திகதியும் அதில் இருக்கும்.

பரந்தன் அக்காவின் தாயார் சென்ற மாதம் மோசம் போய்விட்டார். முப்பத்தொன்று முடிந்த மறுநாள், அவர் தாயாருக்கு வைத்திருந்த காற்று மெத்தையையும் மோட்டரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் அது தர்மபுரத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்ததாம். நான் தேத்தண்ணி வைக்கப்போக, அவர் தானாகவே ஐயாவின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கிக் குதிக்காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டார். மோட்டரின் இரைச்சலில் முதல் இரண்டு இரவும் ஐயா நித்திரை கொள்ளவில்லை. நிலத்தில் வைக்காமல், மடித்த சாக்கின் மேல் வைத்தால் சத்தம் பாதியாகக் குறைகிறது.