கேட்டல், பேச்சுப் பயிற்சி தரும் தொண்டு நிறுவனம்: புதிய செயலாளர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

வரவுசெலவு:
காது கேளாத குழந்தைகளுக்குக் கேட்கவும் பேசவும் பயிற்சி தரும் சிறிய தொண்டு நிறுவனத்தின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வருகிறது. தணிக்கை தெரியும், காதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நன்கொடையாளர்கள் "எத்தனை காது கேட்கும் கருவி கொடுத்தீர்கள்?" என்று மட்டுமே கேட்கிறார்கள். காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) முதன்முதலாக இயங்கும்போது குழந்தை சிரிக்கும் காணொளி கிடைக்குமா என்றும் ஒருவர் கேட்டார். பணத்தை எதில் போடுவது, ஆண்டறிக்கையில் எதை எழுதுவது?

செவிவழி (பயிற்சியாளர்):
அந்தக் காணொளியை மறந்துவிடுங்கள். கருவி இயங்கத் தொடங்கும் நாளில் பல குழந்தைகள் மிரண்டு அழும். சில குழந்தைகள் பொம்மையை விட்டுத் தலைகூட நிமிர்த்தாது. அன்று காதில் விழுவது வெறும் ஓசை. அது சொல்லாக மாற மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள். அதனால்தான் 'கேட்கும் வயது' என்று தனிக் கணக்கு வைக்கிறோம்: இரண்டு வயதில் கேட்கத் தொடங்கிய குழந்தைக்கு மூன்று வயதில் கேட்கும் வயது ஒன்றுதான். இதை நன்கொடையாளருக்கு விளக்குவது உங்கள் வேலை. எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

எத்தனை கருவி என்பதைவிட, கருவி நாளுக்கு எத்தனை மணி நேரம் காதில் இருக்கிறது என்று கேளுங்கள். இன்றைய கருவிகள் பலவும் அதைத் தாமே பதிந்துவைக்கின்றன; ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) கணினியில் இணைத்துச் சொல்லிவிடுவார். விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் இருக்க வேண்டிய கருவி இரண்டு மணி நேரம்தான் இருந்தது என்று காட்டினால், காரணம் பெரும்பாலும் அற்பமானது. பேட்டரி தீர்ந்திருக்கும். அல்லது காது வளர்ந்து, காது அச்சு (காதின் அளவுக்கு வார்த்து உள்ளே பொருத்தும் துண்டு) தளர்ந்து, கருவி 'கீ' என்று விசிலடித்திருக்கும். எரிச்சலில் யாரோ கழற்றி வைத்திருப்பார்கள். கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை அச்சு மாற்ற வேண்டும். புதுக் கருவிக்குப் பணம் தரவும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் ஆள் உண்டு. அச்சுக்கும் பேட்டரிக்கும் அறுந்த கம்பிக்கும் எவரும் தருவதில்லை. பணத்தை அங்கே போடுங்கள்.

அடுத்தது பெற்றோர். வாரத்தில் ஒரு மணி நேரம் என்னிடம் வரும் குழந்தை, மீதி நேரமெல்லாம் வீட்டில்தான் மொழியைக் கற்கிறது. நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி லூயிஸ் டிரேசி, தம் மகன் காது கேளாதவன் என்பதால் 1942இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மையம் தொடங்கினார். அங்கே பாடம் முதலில் பெற்றோருக்குத்தான்; வர முடியாதவர்களுக்குத் தபாலில் இலவசமாகப் போனது. சிட்னியில் 1970இல் தொடங்கிய ஷெப்பர்ட் மையமும் காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் உருவாக்கியதே. உங்கள் நிறுவனத்தில் பயிற்சி நடக்கும்போது தாய் உள்ளே உட்கார்ந்திருக்கிறாரா, வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாரா? போய்ப் பாருங்கள். பெஞ்சில் என்றால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஆறொலி:
ஒரு தாயாகச் சொல்கிறேன். மகளுக்குக் காலையில் கருவியை மாட்டியதும், வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுக் கற்பிப்பதில் வல்லுநரான டேனியல் லிங் வகுத்த சோதனை இது. தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சொலிகள் எட்டுகின்றனவா என்று காட்டிவிடும். நேற்று 'ஸ்' கேட்டவள் இன்று திரும்பவில்லையென்றால், பள்ளிக்கு அனுப்புமுன் கருவியைச் சோதிப்பேன். இதைக் கற்றுத்தர ஒரு நிமிடம் போதும். ஆனால் நாங்கள் முதலில் போன இடத்தில் யாரும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கட்டடம்!

இருமொழியான்:
எனக்குக் காது கேளாது. கருவியோடு பேசுவேன், சைகை மொழியிலும் பேசுவேன். மேலே சொன்னவை சரிதான். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இந்த வழி கைகொடுக்காது. அப்படிப்பட்ட குழந்தையை 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று ஐந்து வயது வரை எந்த மொழியும் இல்லாமல் வைத்திருப்பது கொடுமை. 1880இல் காது கேளாதோர் கல்விக்கான மிலான் மாநாடு பள்ளிகளில் பேச்சுவழிக் கல்வியே சிறந்தது என்று தீர்மானம் போட்டது. பல நாடுகளில் சைகை மொழி வகுப்பறையை விட்டு விரட்டப்பட்டது. அந்தத் தீர்மானங்களை 2010இல் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. முன்னேற்றம் இல்லாத குழந்தையின் பெயரை யார், எப்போது எடுத்துப் பேசுவார்கள் என்று உங்கள் நிறுவனத்தில் எழுதி வைத்திருக்கிறதா? நிர்வாகக் குழுவில் காது கேளாத பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா?

வரவுசெலவு:
இரண்டுமே இல்லை. சைகை மொழி என்றாலே குழுவில் மூத்தவர் இருவர் கோபப்படுவார்கள். அதை எப்படி எடுத்துச் சொல்வது?

செவிவழி:
கோபப்படட்டும். முதல் கூட்டத்தில் தத்துவம் பேச வேண்டாம். ஒவ்வொரு குழந்தையின் கேட்கும் வயதையும் பேசும் சொற்களின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்த பட்டியலை நீட்டுங்கள். பயிற்சியாளர்களிடம் கேட்டால் தருவார்கள். பின்தங்கிய பெயர்கள் தாமே கண்ணில் படும். "இந்தக் குழந்தைக்கு இப்போது என்ன மொழி இருக்கிறது?" என்று ஒவ்வொரு பெயருக்கும் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். தணிக்கையாளருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?